அப்டேட் வந்தது ஒரே ராத்திரியில், ஆள் கிடைத்தது பதினோராம் நாள்



இன்று சர்க்கரை, பிபி, கொலஸ்ட்ரால் எதுவும் இல்லை. ஒரு போன் நம்பரைப் பற்றி எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமான இழைதான். ஆனால் கடைசி வரை படியுங்கள். உங்கள் வீட்டில் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் யாராவது இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

1.
தஞ்சாவூர் பக்கம் ஒரு சின்ன ஊரில் கிளினிக் வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு எழுபது, எண்பது பேர் பார்ப்பேன். திங்கள்கிழமை என்றால் நூறைத் தாண்டும். ஆறு வருடமாக எல்லா நோயாளிகளின் விவரத்தையும் ஒரு சாஃப்ட்வேரில்தான் ஏற்றி வைத்திருக்கிறோம். பெயர், வயது, பழைய மருந்து, ரத்த டெஸ்ட் ரிப்போர்ட், எந்த மருந்து ஒத்துக்காது என்பது வரை எல்லாமே அதில் உண்டு.

இது வந்த பிறகு மக்கள் பழைய சீட்டைத் தூக்கிக்கொண்டு வருவதையே விட்டுவிட்டார்கள். "அதான் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கே டாக்டர்" என்பார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. மறைக்கவில்லை.

2.
ஒரு ஞாயிறு ராத்திரி அந்த சாஃப்ட்வேர் தானாகவே அப்டேட் ஆனது. யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. திங்கள் காலை ஒன்பது மணிக்குத் திறந்தால் திரையே புதுசாக இருக்கிறது. நிறம் மாறிவிட்டது, பட்டன்கள் இடம் மாறிவிட்டன. "உங்களுக்காகவே மெருகேற்றப்பட்டது" என்று வாழ்த்து வேறு.

வெளியே ஐம்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ரிசப்ஷனில் இருக்கும் பெண் என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன். சரி, சமாளிப்போம் என்று ஆரம்பித்துவிட்டேன்.

3.
பதினொன்றரை மணி வாக்கில் ஒரு அம்மா வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு நாளாக நீர்க்கடுப்பு, லேசான காய்ச்சல். கூட வந்த மருமகளுக்கு அவருடைய பழைய வைத்தியம் எதுவும் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் பார்த்தேன். பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது. எச்சரிக்கைக் குறிப்பு வரும் இடம் காலி.

காலியாக இருந்தால் "எச்சரிக்கை எதுவும் இல்லை" என்றுதானே அர்த்தம்? ஆறு வருடமாக என் கண் அப்படித்தான் பழகியிருக்கிறது. சிறுநீர்த் தொற்றுக்கு கோட்ரைமாக்சசோல் எழுதிக் கையில் கொடுத்துவிட்டேன்.

அவர் கதவைத் தாண்டும்போது எங்கள் சிஸ்டர் உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டார்: "சார், இவங்க மாசாமாசம் ஐ.என்.ஆர். டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்க வர்றவங்களாச்சே?"

எனக்கு அடிவயிறு சில்லிட்டுப் போனது.

4.
மருத்துவம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த அம்மாவுக்கு இதயத்தில் செயற்கை வால்வு வைத்திருக்கிறார்கள். அதில் ரத்தம் உறைந்துவிடக் கூடாது என்பதற்காக வார்ஃபரின் என்ற மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். அளவு குறைந்தால் ரத்தம் கட்டி பக்கவாதம் வரலாம். கூடினால் மூளையிலோ குடலிலோ ரத்தக்கசிவு வரலாம். கயிற்றின் மேல் நடப்பது மாதிரி. அந்தக் கயிற்றின் அளவுகோல்தான் ஐ.என்.ஆர். டெஸ்ட்.

கோட்ரைமாக்சசோல், மெட்ரோனிடசோல் போன்ற சில மருந்துகள் வார்ஃபரினோடு சேர்ந்தால் அதன் வேகத்தை ஏகத்துக்கும் ஏற்றிவிடும். அதனால்தான் அவருடைய பக்கத்தில் சிவப்பு எழுத்தில் "வார்ஃபரின், ஆன்டிபயாடிக் கவனம்" என்று நானே டைப் செய்து வைத்திருந்தேன். அப்டேட்டில் அந்த வரி காணாமல் போய்விட்டது.

ஓடிப் போய் சீட்டை வாங்கி மருந்தை மாற்றினேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "என்னாச்சு தம்பி, மாத்திரை தப்பா எழுதிட்டீங்களா?" என்றார். "ஆமாம்மா, தப்பா எழுதிட்டேன்" என்றேன்.

தப்பு என்னுடையதும்தான். "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. திரையை நம்பினேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

5.
சரி, இப்போது போன் நம்பர் கதைக்கு வருவோம். மதியமே கஸ்டமர் கேருக்குப் போட்டேன். ஒன்றை அழுத்தினால் புதிதாக வாங்க, இரண்டை அழுத்தினால் சந்தா புதுப்பிக்க, மூன்றை அழுத்தினால் தொழில்நுட்ப உதவி. மூன்றை அழுத்தினேன். பாட்டு. "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது." மறுபடி பாட்டு. இருபத்தெட்டு நிமிடம் கழித்து லைன் தானாகவே கட்டானது.

எரிச்சலில் அடுத்த தடவை ஒன்றை அழுத்திப் பார்த்தேன். மூன்றாவது ரிங்கில் ஒரு மனிதக் குரல்! "வணக்கம் சார், எந்தத் திட்டம் வேணும்?" பிரச்சினையைச் சொன்னதும், "அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல சார்" என்று மறுபடி அதே பாட்டுக்கு மாற்றிவிட்டார்.

விற்க ஆள் உண்டு. விற்ற பிறகு கேட்க ஆள் இல்லை. மொத்தப் பிரச்சினையும் இந்த இரண்டு வரிதான் நண்பர்களே.

6.
அடுத்த நாள் மெயில் போட்டேன். டிக்கெட் நம்பர் வந்தது. 48 மணி நேரத்தில் தொடர்பு கொள்வோம் என்றார்கள். மூன்றாம் நாள் வந்தது என்ன தெரியுமா? "வாடிக்கையாளரிடமிருந்து பதில் வராததால் இந்தப் புகார் முடித்து வைக்கப்பட்டது." என்னிடம் யாரும் எதுவுமே கேட்கவில்லை. பிறகு எதற்கு நான் பதில் சொல்வது?

அந்த மெயிலுக்கே பதில் எழுதினால், இந்த முகவரிக்கு வரும் மெயில்களை யாரும் படிப்பதில்லை என்று ஒரு பதில்.

சாட்டில் போனால் ஒரு ரோபோ. "பழைய எச்சரிக்கைக் குறிப்புகள் தெரியவில்லை" என்று அடித்தேன். "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?" என்று கேட்டது. இல்லை என்றேன். "உங்களுக்கு உதவியதில் மகிழ்ச்சி" என்று ஐந்து ஸ்டார் கேட்டது.

ஏழாம் நாள் அவர்களே கூப்பிட்டார்கள். ஆஹா என்று எடுத்தேன். அடுத்த வருட ஏ.எம்.சி. பணம் எப்போது கட்டுவீர்கள் என்று கேட்கத்தான்.

7.
இதற்கு நடுவில் நடந்ததைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

எனக்கு உதவ வேண்டுமே என்ற தவிப்பில் ரிசப்ஷன் பெண் கூகுளில் அந்த கம்பெனி பெயரைப் போட்டு "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடியிருக்கிறாள். ஒரு செல் நம்பர் கிடைத்தது. முதல் ரிங்கிலேயே எடுத்தார்கள். அவ்வளவு மரியாதை, அவ்வளவு பொறுமை. "ஒரு ஆப் இறக்குங்க மேடம், உங்க ஸ்க்ரீனை நான் பார்த்து சரி பண்ணிடறேன். பதிவுக் கட்டணம் பத்து ரூபாய் மட்டும் அனுப்புங்க."

பத்து ரூபாயை கிளினிக் கணக்கிலிருந்து போடட்டுமா என்று கேட்க அவள் உள்ளே வந்ததால் தப்பித்தோம். திரையைப் பகிரும் ஆப்பை இறக்கிவிட்டு நீங்கள் பணம் அனுப்பினால், நீங்கள் தட்டும் பின் நம்பரும் வரும் ஓடிபியும் அந்தப் பக்கம் இருப்பவன் கண்ணில் படும். மொத்தக் கணக்கையும் வழித்துவிடலாம்.

அந்தப் பெண்ணை நான் திட்டவில்லை. பத்து நாளாகக் கதவைத் தட்டுகிறோம், உண்மையான கடைக்காரன் திறக்கவில்லை. பக்கத்தில் திருடன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "வாங்கம்மா" என்கிறான். எங்கே போவார்கள் மக்கள்? நல்ல கஸ்டமர் கேர் இல்லாத இடத்தில்தான் போலி கஸ்டமர் கேர் பிழைக்கிறது.

8.
பதினோராம் நாள் ஒரு இன்ஜினியர் தம்பி கூப்பிட்டான். பிரச்சினையைக் கேட்டான். ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டான். பழைய குறிப்புகள் எதுவும் அழியவில்லை. புதிய பதிப்பில் அவை வேறொரு பக்கத்துக்குப் போய்விட்டன. அந்தப் பக்கம் திரையில் தெரிய ஒரு செட்டிங்கை ஆன் செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

ஏழு நிமிட வேலைக்குப் பதினோரு நாள்.

கோபமாகத்தான் பேச ஆரம்பித்தேன். அவன் சொன்னான்: "சார், உங்க டிக்கெட் எனக்கு இன்னைக்குத்தான் வந்துச்சு. எங்க டீம்ல நாலு பேர்தான் சார். அப்டேட் வந்ததுல இருந்து யாரும் வீட்டுக்கே நேரத்துக்குப் போகல." அதற்கு மேல் அவனை என்ன சொல்ல? போனை எடுப்பவர்கள் மேல் கத்தாதீர்கள் நண்பர்களே. அவர்களும் நம்மைப் போலவே மாட்டிக்கொண்டவர்கள்தான். எத்தனை பேரை அந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்று முடிவு செய்பவர் வேறு எங்கோ இருக்கிறார். அவருடைய நம்பர்தான் நமக்குக் கிடைக்காது.

9.
"ஒரு சாஃப்ட்வேருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா டாக்டர்?" என்று கேட்பவர்களுக்காக ஒரு பழைய கதை.

தெராக்-25 என்று ஒரு கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம். புற்றுநோய்க்குக் கதிர் கொடுப்பது. அதற்கு முந்தைய மாடலில், தப்பான அளவில் கதிர் பாயாமல் தடுக்க வன்பொருள் பூட்டுகள் இருந்தன. புதிய மாடலில் அவற்றை எடுத்துவிட்டு, பாதுகாப்பை சாஃப்ட்வேரிடம் ஒப்படைத்தார்கள். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேருக்கு அளவுக்கு மிக அதிகமான கதிர் பாய்ந்தது. சிலர் இறந்தே போனார்கள்.

1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நடந்ததைப் படித்தால் தூக்கம் வராது. திரையில் "மால்ஃபங்ஷன் 54" என்று மட்டும் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று ஆபரேட்டருக்குத் தெரியாது. தொடரும் பட்டனை அழுத்தினார். உள்ளே இருந்தவருக்கு மறுபடியும் கதிர் அடித்தது. அன்று அந்த அறையின் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை, வீடியோவும் இணைக்கப்படவில்லை. அவர் எழுந்து வந்து கதவைத் தட்டிய பிறகுதான் வெளியே தெரிந்தது. ஐந்து மாதத்தில் அவர் இறந்துவிட்டார்.

மருத்துவமனை கம்பெனியைக் கேட்டது. "எங்கள் இயந்திரம் அதிகக் கதிர் கொடுக்க வாய்ப்பே இல்லை" என்பதுதான் பதில். இயந்திரம் மறுபடி ஓடியது. மூன்றே வாரத்தில், அதே ஊரில் இன்னொருவர். கடைசியில் அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் ஆபரேட்டரும் ராப்பகலாக உட்கார்ந்து, பிழையைத் தாங்களே மறுபடி வரவழைத்துக் காட்டிய பிறகுதான் கம்பெனி நம்பியது.

உள்ளே இருப்பவர் கதவைத் தட்டுவது வெளியே கேட்க வேண்டும். கஸ்டமர் கேர் என்பது அதுதான். இது கூடுதல் வசதி அல்ல, பொருளின் ஒரு பாகம்.

10.
இது பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒரு எச்சரிக்கை விட்டது. ரத்தச் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார்களைச் செல்போனோடு இணைத்திருப்பவர்களுக்கானது. போனின் சாஃப்ட்வேர் அப்டேட், செட்டிங் மாற்றம், புதிதாக இணைத்த ஹெட்போன் போன்றவற்றால் சர்க்கரை தாழும்போது அடிக்க வேண்டிய அலாரம் அடிக்காமலோ காதில் விழாமலோ போய்விடலாம் என்றது. நடுராத்திரி சர்க்கரை 45-க்கு இறங்கும்போது அந்த அலாரம்தான் உயிர்.

நம்மூரிலும் இந்த சென்சார் போடுபவர்கள் பெருகிவிட்டார்கள். போன் அப்டேட் ஆனால் அன்றே அலாரம் அடிக்கிறதா என்று சரிபாருங்கள்.

11.
அப்படியானால் அப்டேட்டே வேண்டாமா? அப்படி நான் சொல்லவே இல்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளை முடக்கியது. சுமார் 19,000 அப்பாயின்ட்மென்ட்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாமல் விட்டவர்கள் மாட்டினார்கள்.

அப்டேட் என்பது மருந்து மாதிரி. தேவைதான். ஆனால் எந்த மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. மருந்தின் பக்கவிளைவைச் சொல்ல இந்தியாவில் 2010 முதல் ஒரு தனித் திட்டமே ஓடுகிறது. 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே கூப்பிட்டுப் புகார் சொல்லலாம். மருந்தை விற்றுவிட்டு "இனி உன் பாடு" என்று ஒரு கம்பெனி போக முடியாது. மருத்துவமனைக்கு சாஃப்ட்வேர் விற்பவரிடமும் அதே பொறுப்பைத்தானே கேட்கிறேன்? அப்டேட்டை முன்கூட்டிச் சொல்லுங்கள். எது மாறும் என்று தமிழிலோ எளிய ஆங்கிலத்திலோ ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்ப வழி வையுங்கள். முதல் இரண்டு வாரம் போனை எடுக்கக் கூடுதல் ஆள் போடுங்கள். ஒரு வாழ்த்துச் செய்தி தயாரிக்கும் செலவுக்கு மேல் கொஞ்சம் ஆகும். அவ்வளவுதான்.

12.
இதுவரை படித்தவர்கள் எனக்காக கம்பெனியைத் திட்டியிருப்பீர்கள். இனி என்னைத் திட்டுங்கள்.

பன்னிரண்டாம் நாள் ராத்திரி ஒரு யோசனை வந்தது. வேறொரு போனிலிருந்து என் கிளினிக் நம்பருக்கே போட்டேன். முழு ரிங் போனது. எடுக்கவில்லை. மறுநாள் காலை போட்டேன். பிஸி. மூன்றாவது தடவை எடுத்தார்கள். "டாக்டர் பேஷன்ட் பாக்குறாரு, அப்புறம் பண்ணுங்க." கட்.

மாத்திரை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடிப்பு வந்த ஒருவர் அந்த நேரம் கூப்பிட்டிருந்தால்? நானும் அதே கம்பெனிதானே! புது டோக்கன் போட ஆள் வைத்திருக்கிறேன். பார்த்து அனுப்பிய நோயாளி சந்தேகம் கேட்க ஆள் வைக்கவில்லை.

இப்போது இரண்டு மாற்றம் செய்திருக்கிறேன். ஒன்று, தினமும் மதியம் இரண்டு முதல் மூன்று வரை சிஸ்டர் போன் பக்கத்திலேயே இருப்பார். மருந்து சந்தேகம் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். இரண்டு, அந்த நம்பரும், என்ன அறிகுறி வந்தால் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதும் சீட்டின் கீழே தமிழில் அச்சடித்திருக்கிறது. முதல் வாரத்திலேயே பதினேழு அழைப்பு. அதில் இரண்டு, உண்மையிலேயே மாத்திரையை நிறுத்த வேண்டியவை.

13.
கடைசியாக உங்களுக்குச் சில வார்த்தைகள்.

கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடாதீர்கள். பில்லில், பொருளின் பெட்டியில், கம்பெனியின் சொந்த ஆப்பில் இருப்பதை மட்டும் எடுங்கள். உதவி செய்கிறேன் என்று எவர் ஆப் இறக்கச் சொன்னாலும், பணம் கேட்டாலும் போனை வையுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம்.

வாங்கிய பொருளுக்குக் கம்பெனி பதில் சொல்லவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. டிக்கெட் நம்பர், மெயில், அழைத்த தேதி, நேரம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஆன்லைனில் விற்பவர்களுக்கு 2020-ல் வந்த விதிகளின்படி, குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதைக் குறிப்பிட்டு மெயில் போட்டுப் பாருங்கள், தொனி மாறும்.

சக மருத்துவர்களுக்கு: தானாக அப்டேட் ஆவதை நிறுத்தி, சனிக்கிழமை சாயங்காலம் நீங்களே போடுங்கள். அதற்கு முன் ஒரு பேக்கப். ஆபத்தான மருந்து சாப்பிடுபவர்களின் பட்டியலை ஒரு நோட்டில் கையால் எழுதி மேசையில் வையுங்கள். என் மேசையில் இப்போது அந்த நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் முதல் பெயர் அந்த அம்மாவுடையது.

நோயாளிகளுக்கு: வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், எந்த டாக்டரிடம் எதற்காகப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். "அதான் கம்ப்யூட்டர்ல இருக்கே" என்று விடாதீர்கள். இருக்கும்தான். அன்றைக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

14.
போன வாரம் அந்த அம்மா ஐ.என்.ஆர். டெஸ்ட்டுக்கு வந்தார். 2.6. அருமையான அளவு. போகும்போது கேட்டார்: "தம்பி, இப்ப உங்க மிஷின் சரியாயிடுச்சா?"

"மிஷின் சரியாயிடுச்சும்மா. நாங்கதான் இன்னும் கொஞ்சம் சரியாகணும்" என்றேன்.

உங்களுக்கும் இப்படி மாட்டிக்கொண்ட அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். யாருடைய பெயரும் வேண்டாம். எப்படி வெளியே வந்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள், இன்னொருவருக்குப் பயன்படும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பதின்மூன்றாம் பகுதியை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள்.